கார்க் கதவில் என் பெயர்

சென்னை, ராயப்பேட்டை
12-7-70

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வீரையன் எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்கு இருமல் விட்டதா? மச்சானுக்கு முதுகுப் பிடிப்பு எப்படி இருக்கிறது? வேளாங்கண்ணியிலிருந்து வாங்கிவந்த எண்ணெயைத் தேய்க்கச் சொல்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். இன்னமும் வரிக்கு வரி அடியில் விரலை ஓட்டினால்தான் எனக்குப் படிக்க வருகிறது. படித்து முடித்துப் பார்த்தால் காகிதம் பூராவும் கறுப்புக் கோடு. பட்டறைத் தலைவர் அல்லா பிச்சை பாய், "என்னடா, அக்கா எழுதுனதுக்கு அடிக்கோடு போட்டு மார்க் குடுக்குறியா?" என்று கேட்கிறார்.

இங்கே என்ன வேலை என்று கேட்டிருந்தாய். நம் ஊர்ப் பெரிய பண்ணை நாணுவின் மகன் சாமா சார் ரேஸில் ஓட்டுகிற ஹெரால்டு வண்டிதான் என் பொறுப்பு. பண்ணை டிராக்டரில் நான் கை வைத்ததைப் பார்த்துத்தானே இங்கே கூட்டிவந்தார். வேகமாக ஓடுகிற எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் போக வேண்டும். பெட்ரோல் கூடினால் கரும்புகை, இழுவை கிடையாது. காற்று கூடினால் எஞ்சின் காய்ந்து, பிஸ்டன் தலையில் ஓட்டையே விழுந்துவிடும். இதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? ப்ளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பார்க்க வேண்டும். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். சாம்பல் மாதிரி வெளுத்திருந்தால் குறைச்சல். டீக்கடைப் பொரை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. கார்புரேட்டருக்கு அடியில் ஒரு நட்டு இருக்கிறது, ஆறு பக்க நட்டு. ஒரு பக்கம் திருப்பினாலே நிறம் மாறிவிடும்.

பிப்ரவரியில் சோழவரத்தில் ரேஸ். அதற்கு முன்னால் கார்க் கதவில் என் பெயரை எழுதுவதாக சாமா சார் சொல்லியிருக்கிறார். ஓட்டுகிறவர் பெயருக்குக் கீழே, மெக்கானிக் வீரையன் என்று! நம் வம்சத்தில் எவன் பெயரை எவன் எங்கே எழுதினான், சொல்லு.

உன் அன்புத் தம்பி,
வீரையன்

*

கருவைமூலை
29-7-70

தம்பி வீரையனுக்கு அக்காவின் ஆசி. 

இருமல் விட்டது. மச்சான் முதுகு அப்படியேதான் இருக்கிறது. அவர் எங்கே படுக்கிறார்? வயல் முடிந்தால் சங்கம், சங்கம் முடிந்தால் வயல்.

பெட்ரோல், காற்று என்று நீ எழுதினதைத் தெருவில் படித்துக் காட்டினேன். ராமாயி அத்தை, "அடுப்புல வெறக அடைச்சாப் பொகையும், விட்டு வெச்சா எரியும். இத்த கண்டுபிடிக்கவா மெட்ராசுக்குப் போனான்?" என்கிறாள். உன் பவிசு அவ்வளவுதான்!

குறுவை நடவு பாதி ஆகிவிட்டது. ஊரெல்லாம் நில உச்சவரம்பு பேச்சுதான். ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து ஏக்கருக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்ததா இல்லையா? பன்னிரண்டு வேலி, எண்பது ஏக்கர், வைத்திருந்த நாணுப் பண்ணைக்கு இப்போது இரண்டு வேலிதானாம். மீதியெல்லாம் எங்கே என்றால் சமையல்காரர் பேரில் கொஞ்சம், பெங்களூர் சம்பந்தி பேரில் கொஞ்சம், போன வருஷம் செத்துப்போன கணக்குப்பிள்ளை பேரிலே கொஞ்சம். செத்தவன் எழுந்து வந்து வரப்பில் அண்டை வெட்டுவானா? கேட்கவே குமட்டுகிறது. ஆளுங்கட்சி வட்டச் செயலாளர் பக்கிரி வந்து தெருமுனையில் கொடி ஏற்றி, "ஏழைகளோட அரசாங்கம் இது" என்று பேசிவிட்டு, நேராகப் பண்ணை வீட்டுக்குச் சாப்பிடப் போனார். இலை போடுகிற சத்தம் கேட்கிற தூரம்தானே.

இன்னொன்று. பண்ணைக் கார்வாரி அரசப்பன் போன செவ்வாய்க்கிழமை சங்கிலி பிடித்து நம் தெருவை அளந்தான். பதினேழு வீடு இருக்கிற திடலையும் குளத்தையும் சேர்த்து அளந்தான். எதற்கு என்று கேட்டால், "அளக்கச் சொன்னாங்க, அளக்குறேன்" என்கிறான். நெல் அரைக்கிற மில் வரப்போகிறதாம் என்று பேச்சு. சின்னப் பண்ணை சாமா உன்னிடம் ஏதாவது சொன்னானா? கேட்டு எழுது.

இந்தக் கடிதத்தையாவது கையைக் கழுவிவிட்டுப் படி.

அக்கா,
பொன்னுத்தாய்

*

சென்னை
20-8-70

அக்காவுக்கு,

சுகம்தான். அங்கும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். ராமாயி அத்தையிடம் சொல், அடுப்பு மணிக்கு நூறு மைல் ஓடாது.

போன வாரம் சோழவரம் போனோம். அது சண்டைக்காலத்தில் ஆகாய விமானம் இறங்கப் போட்ட ரோடு. ஆக்ஸிலேட்டரை அடிவரைக்கும் மிதித்து முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்து, கிளட்சை அமுக்கி, அப்படியே வண்டியை உருள விட்டு நிறுத்த வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் ப்ளக்கின் நிறம் மாறிப் பொய் சொல்லும். சாமா சாருக்கு இது ஏறவே ஏறாது. மூன்று தரம் சாவகாசமாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, "பார்றா, என்ன கலர்னு" என்கிறார். எனக்கு வந்த எரிச்சல்! நாலாவது தரம்தான் சொன்ன மாதிரி செய்தார். ப்ளக் வெளுத்து, மூக்கில் கொப்புளம் கட்டியிருந்தது. இன்னும் இரண்டு சுற்று ஓட்டியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும். நட்டை இரண்டு பக்கம் இறக்கினேன். அடுத்த ஓட்டத்தில் அச்சாகப் பொரை நிறம். பாய் என் முதுகில் ஒன்று வைத்தார், இன்னும் எரிகிறது.

கதவில் பெயர் எழுதியாகிவிட்டது! மஞ்சள் பெயின்ட். நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்றைக்கே ரேஸ் பாரம் அது இது என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து பானெட்டின் மேல் பரப்பினார்கள். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். சாமா சாரின் அம்மா பாகீரதியம்மா காப்பி கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

அளந்தது பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அவர் வேலையாக இருக்கிறார்.

வீரையன்

*

கருவைமூலை
16-9-70

வீரையனுக்கு,

உடம்பை விசாரித்து எழுதுகிற நிலைமையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முந்தாநாள் கோர்ட்டு அமீனா வந்து பதினேழு வீட்டுக்கும் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். திடலும் குளமும் சேர்ந்த மூன்று ஏக்கரை நாணுப் பண்ணை கிரயம் செய்துகொடுத்துவிட்டதாம். வாங்கின புதுச் சொந்தக்காரர், அத்துமீறிக் குடியிருக்கிற நம்மையெல்லாம் காலி பண்ணச் சொல்லி வழக்குப் போட்டிருக்கிறாராம். தெருவுக்கே காகிதம் படிக்கிறவள் நான்தானே. எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படித்தேன். வாதி பெயர் வந்த இடத்தில் என் வாய் நின்றுபோனது.

வாதி: வீரையன், தகப்பன் பெயர் காத்தான், பூர்வீகம் கருவைமூலை.

ராமாயி அத்தை, "ஏண்டி நிறுத்திட்ட, யாரு அந்தப் புண்ணியவான்?" என்று கேட்கிறாள். சொன்னேன். சொல்லாமல் எப்படி? அப்புறம் ரெங்கம்மாள் சிரித்தாள். "நம்ம வீரையனா? அவன் நம்மள வெரட்டுறானா? போவியா அங்கிட்டு!" என்றாள். அவளோடு எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் அந்த வரியை இன்னொரு தரம் படித்தேன்.

ஏண்டா, அவன்கள் புத்தியைப் பார். இந்தத் தெரு ஆள் பேரிலேயே எழுதிவிட்டால் எந்த அதிகாரியும் சந்தேகப்பட மாட்டான், பார். ஏழைக்கு நிலம் கொடுத்தோம் என்று கணக்கும் காட்டிக்கொள்ளலாம். நம்மை விரட்ட நம் ரத்தத்தையே பிடித்திருக்கிறார்கள். த்தூ.

நீ கையெழுத்துப் போட்டாயா? போட்டாய் என்றால் என்னவென்று படித்துவிட்டுப் போட்டாயா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுது. வண்டிக் கதை வேண்டாம்.

பொன்னுத்தாய்

*

கருவைமூலை
14-10-70

வீரையனுக்கு,

ஒரு மாதம் ஆகிறது, ஒரு வரி இல்லை. தபால்காரர் சைக்கிளைப் பார்க்கிற போதெல்லாம் வாசலுக்கு வந்து வந்து எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

குளத்தில் செத்த எருமைக் கன்றைப் போட்டிருக்கிறார்கள். ஊதி, தோல் உரிந்து, மிதந்துகொண்டிருந்தது. மச்சானும் இன்னும் நாலு பேரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கி இழுத்துப் போட்டார்கள். கால் தனியாகக் கழன்று கையோடு வந்துவிட்டது. நாலு நாளாக மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை. குடிக்க, புழங்க, மாடு கழுவ எல்லாவற்றுக்கும் அந்த ஒரு குளம்தான் என்று உனக்குத் தெரியும். இப்போது மேலத்தெரு ஓரம் இருக்கிற வாய்க்காலுக்கு அரை மைல் நடக்கிறோம்.

அரசப்பனிடம் சண்டைக்குப் போனால் என்ன சொல்கிறான் தெரியுமா? "கொளம் இப்ப ஒந்தம்பியோடது. அவனக் கேளு" என்கிறான்.

கேட்கிறேன். சொல்லு.

பொன்னுத்தாய்

*

சென்னை
1-11-70

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் வேண்டாம். காய்ச்சலாகப் படுத்துவிட்டேன். இப்போது தேவலாம். மச்சான் சாப்பிடுகிறாரா?

அக்கா, எனக்கு என்ன தெரியும்? ரேஸ் பாரம் என்றார்கள். கட்டாக இருந்தது. எண்ணெய்க் கையோடு நின்றவனை, "இங்க போடு, இங்க போடு" என்று காட்டினார்கள், போட்டேன். படிக்கவில்லை. இப்படிச் செய்வார்கள் என்று எவன் கண்டான்? சனியன் பிடித்தவன்கள்.

இங்கேயும் எனக்கு எல்லாமே வெறுத்துவிட்டது. ஐப்பசி மழை. காற்றில் ஈரம் ஏறிவிட்டதால் பழைய அளவு எதுவும் சரிப்படவில்லை. காலையில் பார்த்து வைத்தால் மத்தியானம் மாறிவிடுகிறது. ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் நாலு ப்ளக்கையும் கழற்றி, வெயிலில் பிடித்துப் பார்த்து, நோட்டில் நேரம், மழையா வெயிலா, நட்டு எத்தனை பக்கம் என்று எழுதுகிறேன். சாமா சார் வந்து எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலையா?" என்று கேட்டுவிட்டுக் கிளப்புக்குப் போகிறார். ப்ளக்கில் கரி என்றால் துடைத்துப் போடு என்கிறார். கரி எதனால் வந்தது என்று கேட்கத் தெரியாத மனுஷர். துடைத்துவிட்டால் எஞ்சினுக்குள் இருக்கிற கோளாறு போய்விடுமா?

காப்பி பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? எனக்கு எதில் ஊற்றுகிறார்கள் என்று எழுதவில்லை. ப்ளக் கழுவுகிற டப்பா. பெட்ரோல் வாடையோடு குடிக்கிறேன். அவருக்கு எவர்சில்வர் தம்ளர், பாய்க்குக் கண்ணாடி கிளாஸ், எனக்கு அந்த டப்பா. இத்தனை நாளும் குடித்தேன், ஏன் என்று கேட்காதே.

உன் தம்பி,
வீரையன்

*

கருவைமூலை
24-11-70

வீரையனுக்கு,

காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். கஷாயம் வைத்துக் குடி.

மச்சானின் சங்கத்து வக்கீலோடு கோர்ட்டுக்குப் போய் அவர்கள் தரப்பில் கொடுத்திருக்கிற காகிதங்களைப் பார்த்தோம். வழக்கு நடத்த அரசப்பனுக்கு நீ பவர் எழுதிக்கொடுத்த பத்திரமும் அதில் இருக்கிறது. தமிழில்தான், பத்திர எழுத்தர் கையால், அழகான எழுத்து. இரண்டு பக்கம். கையெழுத்து உன்னுடையது. எண்ணெய்க் கறையும் உன்னுடையது. நான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

படிக்கவில்லை என்று நீ எழுதியதைத் தெருவில் படித்துக் காட்டிவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். ராமாயி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பச்சப் புள்ளைய ஏமாத்திப்புட்டானுவ" என்றாள்.

வக்கீல் சொல்வது ஒன்றுதான். வாதி நீ. நீ நேரில் வந்து வழக்கே வேண்டாம் என்று சொன்னால் முடிந்தது. வரவில்லை என்றால் அரசப்பன் உன் பேரில் நடத்திக்கொண்டு போவான், பதினேழு வீடும் தெருவுக்கு வரும். தெருவே இல்லாதபோது எந்தத் தெருவுக்கு வருவது என்றும் தெரியவில்லை. வாய்தா பிப்ரவரி ஐந்து, வெள்ளிக்கிழமை.

மச்சான் உன்னிடம் ஒன்று சொல்லச் சொன்னார். "அந்தக் கார் எஞ்சினுல ஓட்டை விழும்னு எழுதியிருந்தானே, அந்த நட்டை ரெண்டு பக்கம் அந்தாண்ட திருப்பிட்டு வரச் சொல்லு. அவன் நம்ம கொளத்துல கன்னுக்குட்டி போட்டான்ல" என்கிறார். சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

பொன்னுத்தாய்

*

சென்னை
13-12-70

அக்காவுக்கும் மச்சானுக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டும். கார்த்திகைக்குப் பொரி அனுப்பியிருந்தாய், வந்தது.

மச்சானிடம் சொல். எஞ்சினைக் கெடுக்க மாட்டேன். அது யாரை விரட்டியது? அது கொடுத்ததைத் தின்று ஓடுகிறது. அதைக் கெடுப்பது குளத்தில் கன்றைப் போடுகிற வேலைதான். எனக்கும் அரசப்பனுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? இதைக் கேட்டதிலிருந்து மச்சான் மேல்கூட வெறுப்பாக இருக்கிறது, மன்னிக்கவும்.

சாமா சாரிடம் கேட்டேன். மூன்று நாள் வாய்க்குள்ளேயே வைத்திருந்து கேட்டேன். "என் பேர்ல எங்க தெருவையே எழுதி வெச்சிருக்கீங்களாமே?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஏண்டா வீரையா, பேர்ல நெலம் இருக்குன்னா சந்தோஷப்படுவானா, மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பானா? சும்மா ஒரு பேர்தானே. நீ வேற, நாங்க வேறயா?" என்றார். அதே மூச்சில் திரும்பி, "அவனுக்கு அந்த டப்பால ஊத்து" என்றார். நான் காப்பியை வாங்கித் தரையில் கொட்டினேன். பட்டறையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர், "கொழுப்பு" என்று மட்டும் சொன்னார்.

வெளியே தள்ளுவார் என்று நினைத்தேன். தள்ளவில்லை. நான் இல்லாமல் அந்த வண்டி ஓடாது, அது அவருக்குத் தெரியும். ரேஸ் பிப்ரவரி ஆறு, ஏழு. வெள்ளிக்கிழமைதான் கடைசியாக ஓட்டிப் பார்த்து ப்ளக் படிக்கிற நாள். அன்றைக்கு நான் அங்கே நிற்க வேண்டும்.

நோட்டில் நூற்று நாற்பது ஓட்டம் எழுதியாகிவிட்டது. பனிக்கு எவ்வளவு, கடல்காற்றுக்கு எவ்வளவு, எல்லாம் கைக்குள் வந்துவிட்டது.

வீரையன்

*

கருவைமூலை
19-1-71

வீரையனுக்கு,

கடிதம் முழுக்கப் படித்தேன். வெள்ளிக்கிழமை எங்கே நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன்.

பொங்கலுக்குத் தெருவில் எவரும் பானை வைக்கவில்லை. வாசலே யாருடையது என்று தெரியாதபோது எங்கே கோலம் போடுவது? ரெங்கம்மாள் மகளுக்கு நிச்சயம் பண்ணினவர்கள், வீடு இல்லாத இடத்தில் பெண் எடுப்பதா என்று பின்வாங்கிவிட்டார்கள். குளத்தில் இன்னும் நாற்றம் போகவில்லை.

வருகிறாயா, இல்லையா? வருவதாக இருந்தால் பதில் எழுத வேண்டாம், வந்தால் போதும். வராவிட்டாலும் எழுத வேண்டாம்.

பொன்னுத்தாய்

*

சென்னை, மாதவரம்
21-2-71

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலமா என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது. நான்கு நாள் ஊரில் இருந்தேன். சோறு போட்டாய், பாய் போட்டாய். ஒரு வார்த்தை பேசவில்லை. மச்சான் பேசினார், தெரு முழுக்கப் பேசியது, மாலை போட்டார்கள். நீ மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வந்த கதையை உனக்குச் சொல்லவில்லை. வியாழக்கிழமையே சோழவரம் ரோட்டில் கடைசி ஓட்டம் ஓட்டச் சொன்னேன். நாலு ப்ளக்கும் ஒரே நிறம். ஒரு சீட்டில், பனி இறங்கினால் இப்படி, வெயில் காய்ந்தால் இப்படி, நட்டு இத்தனை பக்கம் என்று எழுதி, நோட்டோடு பாய் கையில் கொடுத்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. "போடா, பஸ் போயிடப் போவுது" என்றார்.

கோர்ட்டில் நடந்தது நீ பார்த்ததுதான். வாதி வீரையன் என்று கூப்பிட்டதும் நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் நின்ற வக்கீல் திரும்பி, "யாருப்பா நீ, தள்ளி நில்லு" என்றார். அவர் என் வக்கீல்! எனக்காக வழக்காடுகிறவர்! அரசப்பன் முகத்தில் ஈயாடவில்லை. "அய்யா, நான்தான் வாதி. இந்த வழக்கு எனக்கு வேணாங்க, குடுத்த பவரும் வேணாங்க" என்று ஜட்ஜிடம் சொன்னேன். திங்கட்கிழமை பதிவு ஆபீசில் பதினேழு வீட்டுக்கும் மனையும், குளத்தைப் பொதுவிலும் எழுதிக்கொடுத்தேன். பெயரைச் சும்மா ஒரு பெயர் என்றான் அல்லவா, அந்தப் பெயரை வைத்தே எழுதிக்கொடுத்தேன். அந்த ஒரு நாள் நான் மிராசுதார். இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்.

வண்டி முதலாவதாக வந்தது. பேப்பரில் படம் போட்டிருந்தார்கள். சாமா கதவின் மேல் சாய்ந்து நிற்கிறான். அவன் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்த இடத்தில் புதுப் பெயின்ட் பட்டையாகத் தெரிகிறது. சுரண்டிவிட்டுப் பூசியிருக்கிறார்கள். பட்டறைப் பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லியனுப்பினான். பாய் என் சாமான் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். இப்போது ஒரு லாரிக் கொட்டகையில் இருக்கிறேன்.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்ன செய்தாலும் சரி.

அக்கா, படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கருவைமூலைத் திடல் என்று இருந்தது. குடியிருப்பவர்களைக் காலி செய்ய என்று இருந்தது. கடைசி வரி வரைக்கும் படித்தேன். "என்னங்க இது?" என்று கேட்டேன். சாமா, "அதெல்லாம் பேப்பர்ல இருக்கறது, நடக்கவா போறது?" என்றான். பக்கத்தில் பெயின்டர் கதவில் என் பெயரில் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போடாவிட்டால் அடுத்த எழுத்தைப் போட மாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. எவரும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கே தெரிந்தது.

போட்டேன். பதினேழு வீட்டைக் கொடுத்துவிட்டு, நாலு எழுத்து மஞ்சள் பெயின்ட் வாங்கினேன்.

மாலை போட்டபோது சொல்லியிருக்க வேண்டும். கழுத்தைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

வீரையன்

*

கருவைமூலை
4-3-71

தம்பி வீரையனுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. எல்லோரும் நலமாக இருக்கிறோம். ரெங்கம்மாள் மகள் நிச்சயம் மறுபடி கூடிவிட்டது. குளத்தை இறைத்து, சேற்றை அள்ளி, புதுத் தண்ணீர் விட்டிருக்கிறோம். கெண்டைக் குஞ்சு வாங்கிவந்து மச்சான் விட்டிருக்கிறார்.

நீ படித்தாய் என்பது எனக்கு நவம்பரிலேயே தெரியும்.

கோர்ட்டில் அந்தப் பத்திரத்தைக் கையில் வாங்கினேன் என்று எழுதினேன் அல்லவா? கறை உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் இருந்திருந்தால் நானும் ரெங்கம்மாளைப் போலச் சிரித்திருப்பேன். வரிக்கு வரி அடியில் கறுப்புக் கோடு ஓடியிருந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், இரண்டு பக்கமும். குடியிருப்பவர்களைக் காலி செய்ய என்ற இடத்தில் கோடு இரண்டு தரம் ஓடியிருந்தது. அந்த இடத்தைத் திரும்பப் படித்திருக்கிறாய். விரல் வைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பாவி நான்தானே. வக்கீல் அது என்ன கறை என்று கேட்டார். மெக்கானிக் கை, அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன்.

அதற்கு அப்புறம், படிக்கவில்லை என்று நீ எழுதின கடிதத்தைத் தெருவில் நின்று படித்தேன். பொய் என்று தெரிந்தே என் வாயால் படித்தேன். உன்னால் நானும் அந்த அழுக்கைத் தின்றேன். மூன்று மாதம் எந்தச் சோறும் எனக்குச் சோறாக இல்லை. நீ ஊருக்கு வந்து நான்கு நாள் மாலையும் கழுத்துமாகத் திரிந்தபோது உன் பக்கத்தில் உட்காரவே எனக்கு உடம்பு கூசியது. நீ இப்போது எழுதியதால் அந்தக் கூச்சம் போய்விட்டது என்று நினைக்காதே. பாதிதான் போயிருக்கிறது.

நீ எழுதிக்கொடுத்த மனைப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருக்கிறது, ஒரு கறை இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்தாயா, படிக்காமல் போட்டாயா என்று தெரியவில்லை. அது போகட்டும்.

அந்தப் பழைய பவர் பத்திரத்துக்கு வக்கீலிடம் சொல்லி நகல் வாங்கி வைத்திருக்கிறேன். பங்குனி உத்திரத்துக்கு எல்லோரும் தெருவில் இருப்பார்கள். வா. பதினேழு வீடும் கேட்கிற மாதிரி தெரு நடுவில் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்து உரக்கப் படி. ராமாயி அத்தை முன்னால்தான் உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் காது மந்தம், சத்தமாகப் படிக்க வேண்டும். காலி செய்ய என்ற இடம் வந்தால் விழுங்கிவிட்டுப் போகக் கூடாது. படித்துவிட்டு, இதைப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல். அவர்கள் என்ன செய்கிறார்களோ, செய்யட்டும். உன் பக்கத்தில் நான் நிற்கிறேன்.

வரும்போது கையைக் கழுவ வேண்டாம். அது முடிந்ததும் வீட்டுக்குள் வா. சோறாக்கி வைத்திருப்பேன்.

அக்கா,
பொன்னுத்தாய்